மலையடிவாரத் தோட்டத்தில் மான்: கன்றையும் உயிர்வேலியையும் காப்பாற்றும் வழி

கேள்வி இதுதான். பாலமேடு பக்கம், சிறுமலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர். போன ஐப்பசியில் 60 ஒட்டு மாங்கன்றும் 10 நெல்லியும் வைத்து, சுற்றிலும் உயிர்வேலியாகக் கிளுவைக் குச்சி ஊன்றியிருக்கிறீர்கள். மாசி பிறந்ததிலிருந்து ராத்திரியில் மான் இறங்கி வந்து துளிரைக் கடிக்கிறது, சில கன்றில் பட்டையையும் உரித்துவிட்டது. நாலு வரிசை முள்கம்பி இருந்தும் நிற்கவில்லை. நிலம் முழுக்க செயின் லிங்க் (கம்பிவலை) வேலி போடலாமா, அல்லது மருந்து அடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செயின் லிங்க் இப்போதைக்கு வேண்டாம். மருந்து மட்டும் போதாது. கன்றுக்குக் கன்று கூண்டு போடுங்கள், கிளுவைக்கு வெளிப்பக்கம் முள் அடையுங்கள். இரண்டு கோடை இதைக் காப்பாற்றிவிட்டால் மூன்றாவது கோடையில் கிளுவை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால், கடிப்பது மான்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடிபட்ட நுனியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அதனால் இலையையும் குச்சியையும் கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே பிடித்து இழுத்துப் பிய்க்கும். நுனி நார்நாராகக் கிழிந்து தொங்கும். முயல் கடித்தால் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும், அதுவும் ஒன்றரை அடிக்குக் கீழேதான். ஆட்டுக்கும் மேல் முன்பல் இல்லாததால் ஆட்டுக்கடியும் மான்கடி மாதிரியே தெரியும். அங்கே நேரத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சாயங்காலம் பார்க்கும்போது நன்றாக இருந்த கன்று விடியும்போது கடிபட்டிருந்தால் மான், மத்தியானத்துக்குள் கடிபட்டிருந்தால் பக்கத்துப் பட்டி ஆடு. பாதிப்பேர் மான் என்று திட்டுவது ஆட்டைத்தான்.

உயரத்தையும் அளந்து பாருங்கள். புள்ளிமான் நின்ற வாக்கில் நாலரை அடி வரை மேயும், பின்னங்காலில் எழும்பினால் கிட்டத்தட்ட ஆறடி எட்டும். கடமான் நின்றபடியே ஆறடிக்குப் போகும். கிளையே முறிந்து, பாத்தி முழுக்க மிதிபட்டு, அகலமான குளம்புத்தடம் இருந்தால் அது காட்டுமாடு. அதற்கு இங்கே சொல்லும் கூண்டு எதுவும் தாங்காது.

பட்டை உரிந்தது வேறு கதை. ஒன்றரை அடியிலிருந்து மூன்றரை அடி உயரத்துக்குள் பட்டை நெடுக்காக உரிந்து தொங்கி, பல் பதிந்த அடையாளமே இல்லாமல் இருந்தால், கிடா, அதாவது ஆண் மான், கொம்பைத் தேய்த்திருக்கிறது. புதுக்கொம்பின் மேல் இருக்கும் தோலை உரிக்கவும், தன் எல்லையைக் காட்டவும் கிடா இப்படிச் செய்யும். கட்டைவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை, வளைந்து கொடுக்கும் தண்டுதான் அதற்கு வசதி. அதாவது, நீங்கள் இரண்டு வருஷம் வளர்த்து இனி பயமில்லை என்று நினைக்கும் கன்றுதான் அதற்கு வேண்டியது. இலைக்கு மருந்து அடிப்பதால் இது நிற்காது. தண்டுக்கு மறைப்புதான் வழி.

இனி செயின் லிங்க் கணக்கு. ஒன்றரை ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 1,020 அடி. மானை நிறுத்த வேலி ஏழடியாவது வேண்டும், கடமான் வரும் இடமென்றால் எட்டடி. ஏழடி என்று வைத்தாலே 7,000 சதுர அடிக்கு மேல் வலை, எட்டடிக்கு ஒரு கல்லுக்கால் என்றால் 128 கால், குழி எடுக்கிற கூலி தனி. 70 கன்றுக்குக் கூண்டு போட்டால் கன்றுக்குப் பத்தடி வீதம் 700 அடி, ஐந்தடி அகலத்தில் 3,500 சதுர அடி, 140 சவுக்குக் கம்பு. வலை பாதிதான், கல்லுக்கால் செலவே இல்லை. பணத்தை விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சுற்றுவேலியில் ஒரு இடத்தில் பன்றி தோண்டி வழி போட்டால், அதன் பின்னாலேயே மானும் நுழைந்து ஒரே ராத்திரியில் 70 கன்றையும் மேய்ந்துவிடும். கூண்டில் ஒன்று சரிந்தால் ஒரு கன்றோடு போய்விடும். பத்தடிக்கு ஆறரை அடி என்று மாவை நெருக்கி நட்டு ஏக்கருக்கு 600, 700 கன்று வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவர்களுக்குச் சுற்றுவேலிதான் கட்டும்.

உங்கள் முள்கம்பி ஏன் நிற்கவில்லை என்றால், மான் முடிந்தவரை தாண்டாது, நுழையத்தான் பார்க்கும். கம்பிக்குக் கம்பி ஒரு அடி இடைவெளி இருந்தால் புள்ளிமான் தலையைத் தாழ்த்திக் கொம்பைப் பின்னுக்குச் சாய்த்து ஊடே புகுந்துவிடும். கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் நடுவே முக்கால் அடி இருந்தால் குட்டி முதலில் நுழையும், தாயும் அங்கேதான் முட்டும். கம்பியில் மயிர் ஒட்டியிருக்கும் இடத்தைத் தேடுங்கள், அதுதான் அவற்றின் வாசல்.

கூண்டுக்கு வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். ஐந்தடி அகலம், இரண்டுக்கு இரண்டு அங்குலக் கண், ஜி.ஐ. (துத்தநாக) பூச்சு உள்ளது. நாலங்குலக் கண்ணில் மான் மூக்கை நுழைத்து உள்ளே இருக்கும் துளிரைத் தின்றுவிடும். கோழிவலை வேண்டவே வேண்டாம், முட்டினால் சுருண்டுவிடும். பத்தடி துண்டாக வெட்டி வளைத்தால், அரையடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விட்டு, மூன்றடி விட்டமுள்ள வட்டம் கிடைக்கும். இதைவிடக் குறுக்கினால் பக்கக்கிளை சீக்கிரம் கண் வழியே வெளியே வந்து கடிபடும். அகலமாக்கினால் கம்பு தாங்காமல் ஆடும்.

எட்டடிச் சவுக்குக் கம்பு இரண்டை, வட்டத்தின் உள்பக்கம் எதிரெதிரே, கடப்பாரையால் குழி போட்டு இரண்டடி ஆழம் இறக்குங்கள். ஒன்று மலைப்பக்கமாக இருக்கட்டும், முதல் முட்டு அங்கிருந்துதான் வரும். மண்ணுக்குள் போகும் இரண்டடியையும் அதற்கு மேல் அரையடியையும் நெருப்பில் வாட்டி வெளிப்புறம் கரியாக்கிவிட்டு நடுங்கள், கரையான் ஏறுவது தாமதமாகும். அப்படியே நட்டால் பல இடங்களில் ஒரே வருஷத்தில் தரைமட்டத்தில் இற்று, கூண்டு கன்றின் மேலேயே சாயும். மெஷ்ஷைக் கம்போடு மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய ஓரத்தை மட்டும் முறுக்காமல் கொக்கி போட்டு விடுங்கள். களை எடுக்க, எரு வைக்க அதுதான் கதவு. கதவு இல்லாத கூண்டில் யாரும் களை எடுப்பதில்லை. புல் மண்டி, அந்தப் பச்சையே மானைக் கூப்பிடும்.

மெஷ் தரையில் உட்கார வேண்டும். கடமான் வரும் தோட்டமென்றால் மெஷ்ஷை ஒரு அடி தூக்கிக் கட்டி மேல்விளிம்பை ஆறடிக்குக் கொண்டுபோய், கீழே விட்ட ஒரு அடியைச் சுற்றி முள்ளை நெருக்கி வைத்துவிடலாம். முயலும் நுழையாது.

பணம் இறுக்கமாக இருந்தால் மூங்கில் தட்டிக் கூண்டு போடலாம். ஒரு கோடை தாங்கும், இரண்டாவது மழையில் கட்டு இளகும். அதைத் தெரிந்தே போடுங்கள். போடக்கூடாதது பிளாஸ்டிக் குழாயும் தகரமும். குளிர்நாடுகளில் கன்றைச் சுற்றிக் குழாய் மாட்டுவார்கள் என்று படித்துவிட்டு இங்கேயும் பி.வி.சி. குழாயை நெடுக்கப் பிளந்து மாட்டுகிறார்கள். சித்திரை வெயில் 40 டிகிரியில் குழாய்க்குள் காற்று அசையாமல் கன்று வெந்துபோகும், தென்மேற்குப் பக்கம் பட்டை வெடிக்கும். நைலான் மீன்வலையும் வேண்டாம். கொம்பு சிக்கினால் மான் மிரண்டு சுற்றிச் சுற்றிக் கன்றையும் பிடுங்கும், தானும் சாகும்.

நெல்லிக்குக் கூண்டு மாவைவிட அதிக நாள் தேவை. கிளை பரந்து போகும் மரம், அதன் மெல்லிய துளிர் மானுக்கு உயிர். சீத்தா வைத்திருந்தால் கவலையே இல்லை. ஆடும் மாடும் தொடாத இலை, மானும் பெரும்பாலும் விட்டுவிடும். புங்கனும் அப்படித்தான். அடிவார ஓரத்தில் இரண்டு வரிசைக்கு மாவை விட்டுச் சீத்தா வைப்பது நல்ல யோசனை. கொய்யாவையும் முருங்கையையும் வீட்டுப்பக்கம் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது கிளுவைக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வேலிக்கு வைத்த செடிக்கே வேலி வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. வளர்ந்த கிளுவை முள்ளும் நெருக்கமுமாக ஆட்டையே நிறுத்தும். முதல் வருஷக் கிளுவை வெறும் குச்சி. குச்சியில் வரும் முதல் துளிரை இரண்டு தடவை கிள்ளிவிட்டால் அதற்குள் இருக்கும் சத்து தீர்ந்து நின்ற வாக்கில் காயும். கோடையில் இலை உதிர்ந்து நிற்பதைப் பார்த்து செத்துவிட்டது என்று பிடுங்கிவிடவும் வேண்டாம், அது அதன் இயல்பு. நகத்தால் தோலைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

விட்டுப்போன இடத்தை அடுத்த புரட்டாசியில் நிரப்புங்கள். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் வாய்க்காலாக எடுத்து, கட்டைவிரலுக்கு மேல் பருமனுள்ள நாலடிக் குச்சியாக வெட்டி, ஒரு வாரம் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு, ஒரு அடி மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். பால் வடியும்போதே ஊன்றித் தண்ணீர் கட்டினால் அடி அழுகும். குச்சிக்குக் குச்சி முக்கால் அடி, இரண்டு வரிசை, வரிசைக்கு நடுவே ஒரு அடி, எதிரெதிரே வராமல் மாற்றி மாற்றி. நூறு அடிக்கு 266 குச்சி ஆகும், முழுச் சுற்றுக்கும் 2,700 பக்கம். ஒரு வரிசைக் குச்சியை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்து, குறுக்கே வெட்டும் இடத்தில் பனைநாரால் கட்டினால் பிறகு அது பின்னலாகத் தடிக்கும். நேராக ஊன்றிய குச்சி மேலே போய்க் குடை விரிக்கும், கீழே மான் நுழைய இடம் விடும். இரண்டாம் வருஷத்திலிருந்து மூன்றடியில் வெட்டிவிட்டால்தான் அடியிலிருந்து கிளை வெடிக்கும். உயரமாக வளரட்டும் என்று விட்டுவைப்பது ஆசைதான், வேலி ஆகாது.

வெளிவரிசையில், கிளுவைக்கு இரண்டடி தள்ளி, ஆடாதொடையும் நொச்சியும் வையுங்கள். மான் வாய் வைக்காது, குச்சியிலேயே வரும், செலவில்லை. நடுவே ஆனைக்கற்றாழை மூன்றடிக்கு ஒன்று. கொடுக்காப்புளியை வேலிக்கு வைக்கச் சொல்வார்கள். நல்ல வேலிதான், ஆனால் அதன் இளந்தழை ஆட்டுக்கும் மானுக்கும் பிடித்த தீனி. உள்வரிசையில் மட்டும் வைக்கலாம்.

இவை தலையெடுக்கும் வரைக்கும் முள் அடைப்பு. சீமைக்கருவேல் இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். வெட்டும்போது காய் இல்லாத கிளையாகப் பார்த்து வெட்டுங்கள். பழுத்த நெற்றோடு கொண்டுவந்து போட்டால் அடுத்த மழைக்கு வரப்பு முழுக்க சீமைக்கருவேல் முளைக்கும், அதைப் பிடுங்குவதற்கு மானே மேல் என்று ஆகிவிடும். அடிமுனை தோட்டத்தைப் பார்த்தும் முள்நுனி வெளியே பார்த்தும் இருக்க, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி மிதித்து, மேலே கல் வையுங்கள். உயரம் நாலடி போதும். அகலம்தான் முக்கியம், நாலடிக்குக் குறையவே கூடாது. ஐந்தடி உயரத்தை நின்ற இடத்திலிருந்து தாண்டுகிற மான், உயரமும் அகலமும் சேர்ந்து வந்தால் எங்கே காலை ஊன்றுவது என்று தெரியாமல் தயங்கும். ஒல்லியாக ஆறடி அடைப்பதைவிட அகலமாக நாலடி அடைப்பது நல்லது.

உங்கள் நாலு வரிசை முள்கம்பியையும் வீணாக்க வேண்டாம். அதற்கு வெளிப்பக்கமாக நாலைந்து அடி தள்ளி முள் அடைத்தால் இரண்டும் சேர்ந்து இரட்டை வேலியாகிவிடும். முதல் வேலியைத் தாண்டினால் இரண்டாவதில் விழுவோம் என்ற சந்தேகமே அதை நிறுத்தும். அந்த இடைவெளியில்தான் கிளுவையும் நொச்சியும் இருக்க வேண்டும்.

முள் காயக் காயப் படியும். ஐப்பசியில் நாலடி அடைத்தது மாசியில் இரண்டரை அடியாக நிற்கும். மான் பசியோடு இறங்குவதும் அப்போதுதான், மலையில் புல் கருகி, உங்கள் பாத்தியில் மட்டும் பச்சை தெரியும் நேரம். தை கடைசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை மேலே புதுமுள் போடுங்கள். காய்ந்த முள் தீப்பிடித்தால் நிற்காது. நூறு அடிக்கு ஒரு இடத்தில் பத்தடிக்கு முள் இல்லாமல் விட்டு அங்கே மட்டும் மெஷ் கட்டுங்கள். மின்கம்பி போகும் இடத்துக்கு நேர்கீழே முள் குவிக்காதீர்கள்.

மருந்து என்று கேட்டீர்கள். முட்டைக்கரைசல் ஓரளவு கேட்கும். அழுகிய முட்டை வாடை மானுக்கு மாமிசம் தின்னும் மிருகம் பக்கத்தில் இருப்பதுபோல் படும். ஒரு பங்கு அடித்த முட்டைக்கு நாலு பங்கு தண்ணீர், இரண்டு நாள் மூடிவைத்து, துணியில் இருமுறை வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக்கரைசல் சேர்த்துத் தெளியுங்கள். வடிகட்டாவிட்டால் முட்டையின் சவ்வு நாசிலை அடைத்துவிடும். சாணிக்கரைசலும் ஆட்டுக்கு நன்றாகவே வேலை செய்கிறது, மானுக்குச் சுமார். இரண்டுக்கும் ஒரே குறைதான்: தெளித்த பிறகு வந்த துளிரில் மருந்து இல்லை, மான் தேடுவதோ அந்தத் துளிரைத்தான். துளிர் விடும் காலத்தில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறையும், மழை பெய்தால் மறுநாளும் அடிக்க வேண்டும். கூண்டுக்கு வெளியே நீட்டிய கிளைக்கும் கிளுவைத் துளிருக்கும் இதை வைத்துக்கொள்ளுங்கள். சி.டி. தட்டு, பழைய சேலை, சலூன் முடி, ரேடியோ எல்லாம் மான் பழகும் வரைதான். இன்னும் கூண்டு போடாத கன்றுக்கு நாலு ராத்திரி காவல், அவ்வளவே.

சோலார் மின்வேலி பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதைத்தான் யோசிப்பீர்கள். மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 2023-ல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காப்புக்காட்டை ஒட்டிய நிலமென்றால் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். விற்பவர் சொல்லாத ஒரு விஷயம்: காய்ந்த செம்மண்ணில் எர்த் பிடிக்காது. மான் நிற்கும் தரை வழியாக மின்துடிப்பு திரும்பி வந்தால்தான் அடி விழும். பங்குனியில் தரை வறண்டு போனால் கம்பியில் மீட்டர் காட்டும், மானுக்கு ஒன்றும் தெரியாது. குறைந்தது மூன்று ஆறடி எர்த் கம்பியை, பத்தடிக்கு ஒன்றாக, தண்ணீர் தேங்கும் இடத்தில் இறக்க வேண்டும். அல்லது ஒரு கம்பி மின்சாரம், அடுத்தது எர்த் என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். புல் கம்பியில் தொட்டாலும் சக்தி அங்கேயே கசிந்துவிடும். ஈ.பி. லைனிலிருந்து நேரடியாகக் கொக்கி போடுவது கொலைக்குச் சமம், ஆள் செத்த சம்பவங்கள் ஏராளம். சுருக்குக் கண்ணி வைப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மான் வேலியில் சிக்கிவிட்டால் நாலு பேராகச் சேர்ந்து பிடிக்கப் போகாதீர்கள், பயத்திலேயே செத்துவிடும். நாயைக் கட்டிவிட்டு, கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். தோட்டத்தில் தரைக்கிணறு இருந்தால் சுற்றுச்சுவர் கட்டுங்கள், நாய் துரத்தி ஓடும் மான் விழுவது அதில்தான்.

ஏற்கெனவே கடிபட்ட கன்றை இந்த வாரமே பாருங்கள். கிழிந்த நுனியை விட்டால் கிளை அங்கிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே கூரான கத்தரியால் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு அரை லிட்டரில், இரண்டும் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் தனித்தனியே கரைத்து, துத்தக்கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றே செய்து அன்றே தடவ வேண்டும். பட்டை உரிந்த தண்டிலும் இதையே பூசலாம். சுற்றளவில் பாதிக்குக் கீழே உரிந்திருந்தால் பிழைக்கும், முழுவளையமாக உரிந்திருந்தால் அதற்கு மேலே உள்ள பகுதி போய்விடும்.

ஒட்டுச்சந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேலே ஒரு கணுவாவது மிஞ்சியிருந்தால் நீங்கள் வாங்கிய ரகமே துளிர்க்கும். சந்துக்குக் கீழே முறிந்திருந்தால் வருவது அடிக்கன்றின் துளிர், நாட்டு மா. பச்சையாகச் செழித்து வருகிறதே என்று நாலு வருஷம் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதில் புது ஒட்டு கட்டச் சொல்லுங்கள் அல்லது கன்றை மாற்றுங்கள்.

கூண்டை எப்போது கழற்றுவது? அடிக்கிளை ஐந்தடிக்கு மேலே போய், தண்டு நாலங்குலப் பருமன் ஆன பிறகு. கிளை எட்டாமல் போனதும் அவிழ்த்துவிட்டால் கொம்பு தேய்க்க வசதியான தண்டு வெளியே தெரியும். அந்த இடைக்காலத்தில் மெஷ்ஷைக் குறுக்கி, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, நாலடி உயரத்துக்குச் சுற்றிவிட்டால் போதும். தண்டில் ஒட்டினால் காற்றில் ஆடி அதுவே பட்டையை அறுக்கும். வெட்டி மிஞ்சிய துண்டு, கிளுவை பிடிக்காமல் போன சந்துகளில் கட்ட உதவும்.